புதுச்சேரி செலக்ஷன்

மற்றப் பிள்ளைகள் பேய்க்கும் பூச்சாண்டிக்கும் பயந்துகொண்டிருந்த வயதில் நான் ஒரு இஞ்சு டேப்புக்குப் பயந்தேன். எங்களுடையது செஞ்சிக் கடைத்தெருவில் துணிக்கடை. வீட்டிலும் கடையிலும் எந்த மூலையில் கையை விட்டாலும் ஒரு டேப் தட்டுப்படும். அவற்றுக்கெல்லாம் நான் பயப்படவில்லை. அத்தையின் கைக்குப் போனால்தான் அது பாம்பாகிவிடும். "கண்ணு, இங்க வா, செவுத்துல சாஞ்சி நில்லு" என்று அவள் கூப்பிட்டால் என் கண் பின்வாசலைத் தேடும்.

அத்தை, நைனாவுக்குத் தங்கை. எங்கள் வீட்டு வாசலில் குனியாமல் நுழைய முடியாத ஒரே பெண். கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று சொல்லிவைத்தவர்கள் நெட்டையைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டதால் ஊரார் அவளைப் பற்றித் தங்களுக்குத் தோன்றியதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் கடைத்தெருவில் நடந்தால் பழக்கடைக்காரர்கூட எடை போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அவள் கடையில் நின்று துணி அளக்கக் கூடாது என்பது வீட்டில் பழைய கேலி. அந்தக் கையால் முழம் போட்டுக் கொடுத்தால் அடுத்த பொங்கலுக்குள் கடையை மூட வேண்டியதுதான் என்பார் நைனா.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அவள் ஊருக்குத் திரும்பி வந்தாள். அதுவரை அத்தை என்றால் எனக்கு ஒரு படம்தான். செய்தித்தாளில் வந்ததை நைனா வெட்டி லேமினேட் செய்து கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அதில் அத்தை பந்தோடு காற்றில் நிற்பாள். கீழே நான்கைந்து பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரவிக்கைத் துணி எடுக்க வருகிறவர்களுக்கும் அந்தப் படத்தைக் காட்டாமல் நைனா விடமாட்டார்.

அவள் பாஸ்கெட்பால் ஆடப் போன கதையை சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவளே சொல்வாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் இவளைச் சுவரில் சாய்த்து, இரண்டு கைகளையும் சிலுவைபோல விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து இன்னொரு நடுவிரல் நுனிவரை அளந்தாராம். ஒரு ஆளின் உயரமும் விரித்த கையின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். துணிக்கடைக்காரர்களுக்கு இது தெரியும். அத்தைக்குக் கை உயரத்தைத் தாண்டிப் போயிற்று. அதற்கு ஆட்டத்தில் ரீச் என்று பெயர். உயரத்தைக்கூடக் குதித்துச் சமாளித்துவிடலாம், ரீச் கடவுள் கொடுத்தால்தான் உண்டு என்று சொல்லி, சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று டீச்சர் அவளை பஸ் ஏற்றி ஒரு செலக்ஷனுக்குக் கூட்டிப்போனார். அங்கே முதலில் மெடிக்கல். பிறகு ஒரு அறையில் யார் யாரோ உட்கார்ந்துகொண்டு கையை நீட்டச் சொன்னார்கள், விரலை மடக்கச் சொன்னார்கள். செலக்ட் ஆகிவிட்டாள். ஹாஸ்டலில் போட்டார்கள். அடுத்த பொங்கலுக்குத்தான் செஞ்சியைப் பார்த்தாள்.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது வழக்கம். ஹாஸ்டலில் பிராக்டிஸ் முடிவதே இருட்டிய பிறகுதான். முதலில் கொஞ்ச நாள் பட்டினியாகவே படுத்திருக்கிறாள். பிறகு மத்தியானச் சப்பாத்தியை டப்பாவில் எடுத்துவைத்து, மற்றவர்கள் உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டு ஓடும்போது இவள் மைதானத்து ஓரத்தில் நின்றபடி மேற்கே பார்த்துப் பார்த்து விழுங்குவாளாம். முட்டை தின்ன மாட்டேன் என்றதற்குக் கோச் தலையில் அடித்துக்கொண்டு வேர்க்கடலையும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தார். இந்தக் கடலையிலும் பழத்திலும் ஏறிய உடம்புதான் பிறகு மாநில டீமுக்கு ஆடியது, சென்னையில் ஒரு ஆபீஸ் டீமுக்கு ஆடியது, கடல் தாண்டி மாலத்தீவில் ஒரு கிளப்புக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடியது. கடைசியாக இந்தியா டீமின் கேம்ப்புக்குப் போனாள். அங்கிருந்து சென்னைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

முட்டி போய்விட்டது என்றார்கள். ஊர் அதை நம்பவில்லை. சண்டை போட்டதால் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றது ஒரு தெரு. காதல் என்றது இன்னொரு தெரு. நான் முட்டியை நம்பினேன். மாதத்துக்கு ஒருமுறை அதற்காகத்தானே அவள் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள்.

அப்படிப் போய்வந்த ஒரு நாள்தான் எல்லாம் ஆரம்பித்தது. நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அத்தை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவிவிட்டு வந்ததும் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தாள். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடிக்கச் சொன்னாள். விரலின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதன் பிறகு அவள் எழுந்துபோய் டேப்பை எடுத்துவந்தாள்.

சுவரில் சாய்த்தாள். கையை விரிக்கச் சொன்னாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அப்படி அரைகுறையாக ஒன்றும் தோன்றவில்லை, தெளிவாகவே தெரிந்தது. சுவர், டேப், விரல், அடுத்து பஸ். அத்தை வாயால் சொன்ன கதையில் அத்தைக்கு நடந்தது அதே வரிசையில் எனக்கு நடக்கிறது. எனக்கோ வகுப்பில் என்னைவிட உயரமான பையன்கூட இல்லை. கடைசி பெஞ்சைத் தவிர வேறெங்கும் என்னை உட்காரவைத்ததில்லை. அளந்து முடித்ததும் அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். மறு மாதமும் அளந்தாள். அதற்கடுத்த மாதமும். ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தை எட்டிப் பார்த்தாள். அதை அம்மா பார்த்துவிட்டாள்.

அன்றைக்கு அம்மா நைனாவைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாங்க இது? அவலூர்பேட்ட சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்கற மாதிரி எம்பொண்ணு வாயத் தொறந்து பாக்குது ஒங்க தங்கச்சி. ஒருத்தி பந்து ஆடப் போயி முட்டிய ஒடச்சினு வந்தது போதாதா? இவளையும் அனுப்பப் பாக்கறீங்களா?"

"சும்மா இரு. அது சும்மா அளக்குது" என்றார் நைனா.

"சும்மா அளக்கறதுக்கு இது இன்னா ரவிக்கத் துணியா?"

நைனா சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். அம்மாவும் என் கட்சிதான் என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் அம்மாவுக்கும் அதே பயம் என்று தெரிந்ததில் அந்தத் தெம்பு போய்விட்டது. பெரியவர்களே பயப்படுகிறார்கள் என்றால் விஷயம் பொய்யாக இருக்க முடியாது.

ஒரு மத்தியானம், கடையில் ஈ ஓட்டும் நேரம். நான் பின்கட்டில் துணி மூட்டைகளின் மேல் ஏறிப் படுத்திருந்தேன். முன்னால் அத்தையும் நைனாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திப் பேசியதால்தான் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அளவெல்லாம் எனக்கு இருந்தா மாதிரியே இருக்குதுண்ணா" என்றாள் அத்தை. "செவ்வாக்கெழம டாக்டரு இருக்கறாரு. புள்ளய கூட்டினு போயிடலாம். நீயும் வரணும்."

"எனக்கின்னா, குத்துக்கல்லாட்டம் கீறேன். புள்ளைக்கு வேணுன்னா பாரு."

"நீயும் வரணும்ண்ணா. அப்பா ரெண்டு பேருக்குந்தான அப்பா."

நைனா துணியை உதறி மடிக்கும் சத்தம் கேட்டது. ஏற்கெனவே மடித்ததையே மறுபடி மடித்திருக்க வேண்டும். பிறகு, "அதுகிட்ட இன்னா சொல்றது?" என்று கேட்டார். அது என்றால் அம்மா.

"இப்ப எதுவும் வாணாம். அண்ணி பயந்துடுவாங்க. பாத்துட்டு வந்து சொல்லிக்கலாம்."

"சரி" என்றார் நைனா.

அந்த ஒரு சரியைக் கேட்டதும் நான் மூட்டைகளின் இடுக்கில் சுருண்டுகொண்டேன். வேலியே பயிரை மேய்கிற கதையாக, பெற்ற தகப்பனே ஒப்புக்கொண்டுவிட்டார். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா இதுவரை எத்தனையோ முறை சத்தம் போட்டிருக்கிறாள், ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. செவ்வாய்க்கிழமைவரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் இருந்தால் வளராமல் இருக்கலாமே என்றும் ஒரு எண்ணம்.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குப் புது கவுன் போட்டார்கள். புதுச்சேரிக்கு பீச் பார்க்கப் போகிறோம் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு பீச் பார்க்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. அம்மா கட்டுச்சோற்றைக் கட்டிக்கொண்டே என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நைனா செருப்பைத் தேடிய நேரத்தில் நான் பின்வாசல் வழியாக ஓடினேன்.

எங்கே ஓடுவது என்று யோசிக்கவே இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓடி ஒளிய வேண்டுமென்றால் மலைதான். ராணிக்கோட்டை கிட்டே இருந்தது. பெரிய பெரிய படைகளெல்லாம் செஞ்சியைப் பிடிக்க முடியாமல் வருஷக்கணக்கில் கீழேயே கூடாரம் போட்டுக் கிடந்தன என்று டீச்சர் சொல்லியிருந்தார். அப்படியிருக்க ஒரு அத்தை எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். டூர் வந்த ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு கலந்து உள்ளே நுழைந்து, அவர்கள் வரிசையில் நிற்கும்போதே படியில் ஏறத் தொடங்கிவிட்டேன். அது ஆள் உயரத்துக்குச் செய்த படி இல்லை, குதிரைக்குச் செய்த படி மாதிரி இருக்கும். என் கால் நீளத்துக்கு அது சரியாக இருந்தது. ஓடினேன். நெற்களஞ்சியம் வந்த பிறகுதான் நின்று, சுவர் மறைவிலிருந்து கீழே பார்த்தேன்.

அத்தை வந்துவிட்டாள். நைனாவின் மொபெட்டில், இரண்டு முட்டியும் ஹேண்டில்பாருக்கு மேலே நிற்க, வெட்டுக்கிளி மாதிரி வந்து இறங்கினாள். அண்ணாந்து பார்த்தாள். என் கவுன் பளிச்சென்ற மஞ்சள். தெரிந்துவிட்டிருக்கும்.

அவள் மூன்று படிக்கு ஒரு தாவாகத் தாவி வருவாள் என்று எதிர்பார்த்தேன். படத்தில் காற்றில் நிற்கிறவள் அல்லவா. ஆனால் அவள் கிழவி ஏறுவதுபோல ஏறினாள். ஒரு படி, ஒரு நிற்பு. இன்னொரு படி, சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு நிற்பு. எனக்குச் சந்தேகம் வந்தது. பந்தை இந்தப் பக்கம் காட்டிவிட்டு அந்தப் பக்கம் புகுந்துவிடுவதுதான் ஆட்டத்தில் கெட்டிக்காரத்தனம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். என்னை ஏமாற்றக் கிழவி வேஷம் போடுகிறாள் என்று நினைத்து, அடுத்த திருப்பத்துக்கு ஏறிப் போகத் தயாராக நின்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, முட்டியில் தலையைச் சாய்த்துவிட்டாள். குரங்குகள் கிட்டே வந்தன. ஒன்று அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. அவள் அதை விரட்டவில்லை.

அதைப் பார்த்ததும் அதுவரை இருந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அத்தை செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்தேன். அழுதுகொண்டே இறங்கினேன். ஏறியதைவிட இறங்கியதுதான் நீளமாக இருந்தது. கிட்டே போய் "அத்தே, அத்தே" என்று தோளைக் குலுக்கினேன். தலையைத் தூக்கினாள். முகம் திருநீற்றுச் சாம்பல் நிறத்தில் இருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை. திட்டப் போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டபோது, அவள் என்னை இழுத்து என் நெஞ்சில் காதை வைத்தாள்.

"வலிக்குதா?" என்றாள். "இங்க வலிக்குதா கண்ணு? படபடன்னு வருதா? கண்ண இருட்டுதா?"

இல்லை என்றேன்.

"ஒரே மூச்சுல ஏறினியா?"

"ஆமா அத்தே."

அவள் காதை எடுக்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவளை தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் சரியாகிவிட்டது. ஹாஸ்டலுக்குப் போக மாட்டேன் என்று ஓடி வந்தவள், ராணிக்கோட்டையை ஒரே மூச்சில் ஏறிக் காட்டி, எங்கும் வலிக்கவில்லை என்று வாக்குமூலமும் கொடுத்துவிட்டேன். இனி என்னைச் செலக்ட் பண்ணாமல் விடுவார்களா.

"எதுக்கு ஓடியாந்த?"

"ஹாஸ்டலுக்குப் போ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

அத்தை துப்பட்டாவால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு, "ஒன்ன எங்கயும் உட்டுட்டு வரமாட்டேன். சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடலாம். சத்தியம்" என்றாள். சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றுதான் அவளுடைய டீச்சரும் சொன்னார். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு இன்னொருமுறை ஓட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வழியில் அவள்தான் பல இடத்தில் நின்றாள்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கொடுத்தார்கள். எந்தச் சலுகையும் வெட்டப்போகிற கிடாவுக்குப் போடும் மாலைபோலத்தான் தோன்றியது. நைனா வழக்கமாக பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவரிடம் துணி விலை பேச ஆரம்பித்துவிடுவார். அன்று திண்டிவனம் தாண்டியும் டிக்கெட்டையே சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். மயிலம் மலையைப் பார்க்கும்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பெயில் ஆகிவிடுவது. படிப்பில் அது எனக்கு வராது. இதில் முயன்று பார்க்கலாம்.

ஆஸ்பத்திரியைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை. முதலில் மெடிக்கல் என்றுதான் தெரியுமே. உயரம் பார்த்தார்கள், நான் கூன் போட்டேன். நர்ஸ் முதுகில் ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்தினார். கையை விரிக்கச் சொன்னார்கள். முழங்கையை லேசாக மடக்கிக்கொண்டேன். அதையும் நீட்டிவிட்டார்கள். பிறகு குளிரான ஒரு அறை. கவுனைக் கழற்றிவிட்டு, நெஞ்சில் வழவழவென்று எதையோ தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். பக்கத்தில் டி.வி. மாதிரி ஒன்றில் மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதுபோல ஏதோ தெரிந்தது. "இதான் பாப்பா ஒன் ஹார்ட்டு" என்றார் அந்த அம்மாள். நான் வேண்டுமென்றே இருமினேன். "அசையாத" என்றார். கால்மாட்டில் நின்ற அத்தை என் கால் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த விரல் எனக்கு வலித்தது. பயந்தால் அந்த டி.வி.யில் தெரிந்துவிடுமோ என்று அதற்கு வேறு பயந்தேன்.

அத்தைக்கு அன்றைக்கு என்ன தெரியும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரிக்குப் போன பிறகு அவளே சொன்னது. அவளுக்கு முட்டியில் ஒன்றுமில்லை. இந்தியா கேம்ப்பில் மெடிக்கல் பார்த்த ஒரு டாக்டர், அவள் எத்தனை பாயின்ட் போட்டாள் என்று கேட்காமல் அவள் விரலையே பார்த்திருக்கிறார். கட்டைவிரலை மடக்கச் சொல்லியிருக்கிறார், மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார், கையை விரிக்கச் சொல்லியிருக்கிறார், வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தைப் பார்த்திருக்கிறார். பிறகு ஸ்கேன். இருதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய ரத்தக்குழாய் பழைய சைக்கிள் ட்யூப் மாதிரி ஒரு இடத்தில் உப்பியிருந்தது. இனி ஓடினால், குதித்தால், பளு தூக்கினால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். பி.டி. டீச்சர் கடவுள் கொடுத்தது என்று கொண்டாடிய அந்த ரீச்தான் நோயின் அடையாளம். எந்த அளவைப் பார்த்து அவளை ஆட்டத்துக்கு எடுத்தார்களோ அதே அளவைப் பார்த்து வெளியே அனுப்பினார்கள். அது குடும்பத்தில் வருகிற நோய்; சிலருக்கு உயரத்தில் தெரியாமல் கண்பார்வையில் தெரிவதும் உண்டாம். என் தாத்தாவும் வாசலில் குனிந்து நுழைகிற ஆள்தான். நைனாவுக்கு மீசை அரும்பும் முன்னாலேயே, கடையில் ஒரு துணி மூட்டையைத் தூக்கும்போது விழுந்து செத்துப்போனார். மாரடைப்பு என்று ஊர் சொல்லிவிட்டது. அத்தைதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். சேர்த்துப் பார்த்த பிறகு, சோறு பிசைகிற என் விரலை அவளால் வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை. மாதா மாதம் என்னைச் சுவரில் சாய்த்தபோது என்னைவிட அவள்தான் அதிகம் பயந்திருக்கிறாள். நான் என் பயத்தில் அதைக் கவனிக்கவில்லை.

டாக்டர் வந்து டி.வி.யைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் கன்னத்தில் தட்டினார். "பொண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா. ஹார்ட்டு நல்லா இருக்குது. வளர்ற புள்ள, வருஷத்துக்கு ஒருவாட்டி காட்டிக்கோங்க. ஒசரமா இருக்கறது ஒரு வியாதியா?" என்றார்.

ஒண்ணுமில்லை! என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கூன் போட்டதும் இருமியதும் வீண்போகவில்லை. நான் சந்தோஷத்தில் கவுனை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அங்கே அத்தை சுவரில் சாய்ந்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, அவ்வளவு உயரமும் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பாவம், எத்தனை மாதம் அளந்தாள். என்னை எப்படியாவது ஆட்டக்காரியாக்கிவிடலாம் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருப்பாள்.

"அழாத அத்தே" என்றேன். "அடுத்த வருஷம் பாஸ் பண்ணிடறேன்."

அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். என்னைத் தூக்கப் போனவள், தூக்காமல் குனிந்து கட்டிக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, நீ போ" என்றாள்.

"நான் எதுக்கு? அதான் புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்களே."

"வந்தது வந்தோம். போ."

நைனா சட்டையைக் கழற்றிக்கொண்டே, கண்ணாடியையும் செல்போனையும் என்னிடம் கொடுத்துவிட்டு, "ஒங்க அத்தைக்கு ஆள் கெடைக்கல, என்ன டீமுல சேக்கப் பாக்குது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. தொப்பையும் சோடாபுட்டியுமாக ஒரு துணிக்கடைக்காரர் செலக்ஷனுக்குப் போகிறார்.

போனவர் சீக்கிரம் வரவில்லை. என்னைப் பார்த்த டாக்டர் உள்ளே போனார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார்கள், அவரும் போனார். அத்தை உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். நான் நைனாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தேன். என்னைக் கொஞ்ச நேரத்தில் அனுப்பிவிட்டவர்கள் அவரை இவ்வளவு நேரம் வைத்துப் பார்க்கிறார்களே, அவ்வளவு பிடித்துவிட்டதா என்று வியப்பாக இருந்தது. கொஞ்சம் பொறாமையும்.

நைனா வெளியே வந்தபோது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். டாக்டர் அவரையும் அத்தையையும் உட்காரவைத்துப் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது. "மூட்ட கீட்ட இனிமே தொடவே கூடாது" என்றார். "அடுத்த வாரமே வந்துடுங்க, தள்ளிப்போடாதீங்க" என்றார். அத்தை கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். நைனா என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் அதைத் துடைத்தார், மாட்டிக்கொள்ளவில்லை, மறுபடியும் துடைத்தார்.

பீச்சுக்குப் போகவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டுச்சோற்றுப் பையை நைனா எடுக்கப் போனபோது அத்தை அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். டீமில் சேர்ந்த முதல் நாளே இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன். பஸ்ஸில் அத்தை அண்ணன் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் தங்கையும் அப்படிக் கைபிடித்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கோ பல மாதங்களுக்குப் பிறகு பசித்தது. இரண்டு ஊருக்கு ஒருமுறை ஏதாவது வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தேன். கேட்டதையெல்லாம் நைனா வாங்கித் தந்தார்.

செஞ்சியில் இறங்கும்போது வெயில் மலைமேல் ஏறிவிட்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று அம்மா தட்டெல்லாம் வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்திருக்கிறாள். தெருமுனையிலிருந்தே அவளைப் பார்த்துவிட்டேன். அவர்கள் மெதுவாக வந்தார்கள். என்னால் அவ்வளவு மெதுவாக நடக்க முடியவில்லை. ஓடினேன்.

"அம்மா! நான் பெயிலு! என்ன வாணாம்னுட்டாங்க! நைனாதான் பாஸு! அடுத்த வாரமே வரச் சொல்லிட்டாங்க!"

அம்மா என்னை அப்படியே வாரிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். அத்தனை மாதமாக அடக்கிவைத்திருந்த பயமெல்லாம் கலகலவென்று கொட்டுவதுபோல ஒரு சிரிப்பு. "ஒங்க நைனாவா? பந்து ஆடறதுக்கா? அந்த வயித்த வெச்சிகினா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அவரைக் கேலி செய்வதற்காகவே என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி வந்தாள். நானும் கைதட்டிச் சிரித்தேன்.

நைனா வாசலில் வந்து நின்று, செருப்பைக் கழற்றுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அத்தை பையோடு அவருக்குப் பின்னால் நின்றாள். அம்மா நைனாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் சொன்னது அம்மாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் முகவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி இன்னொருமுறை சொன்னேன்:

"நைனா செலக்ட் ஆயிட்டாரும்மா!"